வித்தவுட் அண்ணன்

காஞ்சிபுரத்து டீக்கடைகளில் "ஒரு வித்தவுட்" என்று சொன்னால் சர்க்கரை போடாத டீ வரும். ஊரில் சர்க்கரைக்காரர்கள் பெருகிப்போனதால், பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர்கூட இந்த ஒரு வார்த்தையைப் பிசகில்லாமல் சொல்வார். ஆனால் நான் சொல்லப்போகிற மனிதர் வித்தவுட் என்று சொல்லிவிட்டுச் சும்மா நிற்கிறவர் இல்லை. அதற்கப்புறம்தான் அவருக்கு வேலையே ஆரம்பிக்கும்.

"மாஸ்டர், கிளாஸைக் கழுவுனீங்களா?"

"கழுவிட்டேன்பா."

"இன்னொரு தபா கழுவிடுங்க. முன்ன குடிச்சவன் சக்கரை போட்டுக் குடிச்சிருப்பான்."

"சரி."

"வடிகட்டில ஒண்ணும் ஒட்டிக்கினு இல்லியே? ஸ்பூனு?"

"வித்தவுட்டுக்கு இன்னாத்துக்குபா ஸ்பூனு?"

"அதுக்கில்ல. பாலு எந்தப் பாலு? பாக்கெட்டா, கறந்த பாலா? தண்ணி எவ்ளோ ஊத்துனீங்க?"

பின்னால் நாலு பேர் காசை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஆற்றிக் கொடுப்பார். இவர் ஒரு வாய் உறிஞ்சி, விழுங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, கண்ணை மூடி யோசிப்பார். பிறகு ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு, "லேசா இனிக்கிற மாதிரி இருக்குது, வாணாம்" என்று கிளாஸை வைத்துவிடுவார். குடிக்காத டீக்குக் காசு மட்டும் சரியாகக் கொடுத்துவிடுவார். மனுஷன் வம்புக்காரர் இல்லை. பயந்தாங்கொள்ளி.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் நானும் அவரும் பல வருஷம் ஒன்றாகச் சேலை விற்றோம். அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. நான் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு அரக்கப்பரக்க வேலைக்கு ஓடிவருகிற வயது. முதலாளியைத் தவிர மற்ற எல்லோருக்கும் அவர் வித்தவுட் அண்ணன்தான். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவோம். கோபித்துக்கொள்ள மாட்டார்.

வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு சேலையை உதறி விரித்தார் என்றால், வேண்டாம் என்று எழுந்தவர்களும் மறுபடி உட்காருவார்கள். நல்ல உயரம், கணீரென்ற குரல். கல்யாணப் பெண்ணுக்குப் பிடிக்கும், மாமியாருக்குப் பிடிக்காது, இரண்டு வீட்டுக்கும் நடுவில் சண்டை மூளப்போகிறது என்கிற நேரத்தில்கூட அவர் ஒரு வார்த்தை சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவார். அப்பேர்ப்பட்ட ஆள் ஒரு டம்ளர் காபியைக் கண்டால் நடுங்குவார். அதுதான் எங்களுக்கு வேடிக்கை.

எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது, அவருடைய அண்ணன் கதையைக் கேட்கும் வரைக்கும். ஒரு நாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் வேகவைத்த முட்டையை உரித்துக்கொண்டே சொன்னார். அண்ணனுக்குச் சர்க்கரை. கால் கட்டைவிரலில் ஒரு சின்னப் புண் வந்து ஆறவில்லை. விரலை எடுத்தார்கள். அப்புறம் பாதத்தில் பாதி. அப்புறம் முட்டிக்குக் கீழே. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவர் இவர்.

"வெட்டுன காலை எங்கிட்டதாம்மா குடுத்தாங்க. நீங்களே கொண்டும்போய்ப் பொதைச்சிடுங்கன்னு. துணியில சுத்தி, பையில போட்டு. ஆட்டோவுல மடியில வெச்சிக்கினு போனேன். வழியெல்லாம் அது எங்கண்ணன் காலுன்னே தோணல. கொழந்தை ஒண்ணு மடியில தூங்கற மாதிரி அவ்ளோ கனம்."

எனக்கு அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. அவர் முட்டையைத் தின்று முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, வேட்டியைத் தூக்கித் தன் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தினமும் பார்ப்பார். விரலிடுக்குக்குள்ளே எல்லாம் கையை விட்டுப் பார்ப்பார். அண்ணன் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே இவருக்கும் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள்.

முதலில் இந்த ஊரில் எல்லோரும் செய்கிற தப்பைத்தான் அவரும் செய்தார். வெள்ளைச் சர்க்கரைதான் விஷம், நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் மருந்து என்று நம்பினார். கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு கடையில் "கருப்பட்டிக் காபி, சர்க்கரைக்காரர்களும் குடிக்கலாம்" என்று போர்டே வைத்திருந்தார்கள். அங்கே காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, நடுவில் மனசு கேட்டால் ஒன்று என்று தைரியமாகக் குடித்தார். அடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர், "வெல்லத்தை மருந்துன்னு யாரு உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டாராம். அன்றைக்கு விட்டுப்போன நம்பிக்கைதான். அதற்குப் பிறகு போர்டை நம்பமாட்டார், டீ மாஸ்டரை நம்பமாட்டார், பாக்கெட்டில் எழுதியிருப்பதையும் பாதிதான் நம்புவார்.

பிறகு போனில் யார் யாரோ பேசுவதைக் கேட்டு பேலியோ என்கிற சாப்பாட்டு முறைக்குப் போனார். சோற்றை விட்டார். இட்லி, தோசையை விட்டார். முட்டை, பன்னீர், கறி, கீரை என்று ஆகிவிட்டது அவருடைய டிபன் பாக்ஸ். அண்ணி, அதாவது அவருடைய மனைவி, தினம் தினம் அந்த முட்டையை எத்தனை விதமாகத்தான் செய்து அனுப்புவார் பாவம். எல்லாவற்றையும் விட்ட மனுஷனுக்கு டீயை மட்டும் விட முடியவில்லை.

"டீ உள்ள எறங்கலன்னா எனக்கு வாய் வராதும்மா. வாய் இல்லாம எப்பிடி சேலை விக்கறது?"

ஒரு நாள் காலையில் எழவு வீட்டிலிருந்து வருகிறவர் மாதிரி வந்தார். என்னண்ணே என்று கேட்டேன்.

"பால்லயே சக்கரை இருக்குதாம்மா. நாம போடறது இல்ல. கறக்கறப்பவே உள்ள இருக்குதாம். அப்போ பொறந்ததுல இருந்து நாம குடிச்சதெல்லாம் இன்னா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. அன்றையிலிருந்து கடையின் பின்பக்கம், தண்ணீர்க் கேனும் மின்சார அடுப்பும் இருக்கிற சின்ன அறையில், அவருடைய ஆராய்ச்சி ஆரம்பித்தது. தேங்காய்ப் பாலில் டீ போட்டார். மீன் குழம்பில் டீத்தூள் விழுந்த மாதிரி ஒரு மணம் வந்தது. பாதாமை ஊறவைத்து அரைத்து வடிகட்டிக் கொண்டுவந்தார். அது சுடச்சுட ஊற்றினால் திரிந்து அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. டின்னில் விற்கிற மஞ்சள் பாதாம் பாலை யாரோ வாங்கிக்கொடுக்க, அதில் போட்டிருப்பதைப் படித்துவிட்டுத் தேளைத் தொட்டவர் மாதிரி கையை உதறினார். கட்டி வெண்ணெயைப் போட்டுக் கலக்கிய டீயைக் குடித்துவிட்டு வந்து சேலை விரித்த அன்றைக்கு அவருடைய மீசையெல்லாம் மினுமினுத்தது. "நெய் டின்னுல தலைய வுட்ட பூனையாட்டம் இருக்கீங்கண்ணே" என்றேன். பாக்கெட் கிரீமைக் கொஞ்ச நாள் ஊற்றினார். அதிலும் ஏதோ மாவு கலக்கிறார்கள் என்று சந்தேகம் வந்து விட்டுவிட்டார். கடைசியில் எருமைப்பாலைச் சுண்டக் காய்ச்சி, ஆறவைத்து, மேலே படிகிற ஆடையை மட்டும் அண்ணி எடுத்துக் கொடுக்க, அதைக் கறுப்பு டீயில் அடித்துக் கலக்கினார். அது நன்றாக வந்தது. நிறம்கூட டீ மாதிரியே இருந்தது.

இனிப்புக்கும் இதே பாடுதான். கடுகு அளவு மாத்திரை ஒன்றைப் போட்டுப் பார்த்தார், குடித்து முடித்தபின் வாய் கசந்தது. சீனித்துளசிச் செடியை வாங்கி வந்து தொட்டியில் வைத்து அதன் இலையைப் போட்டுக் கொதிக்க வைத்தார், புல்லை மென்ற மாதிரி இருந்தது. அப்புறம்தான் போனில் ஆர்டர் போட்டு ஒரு வெள்ளைப் பொடியை வரவழைத்தார். அதன் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. எரி என்று ஆரம்பிக்கும். நாங்கள் எரிபொடி என்று வைத்துக்கொண்டோம். பார்வைக்கு அச்சு அசல் சர்க்கரை. நாக்கில் வைத்தால் சில்லென்று ஒரு குளிர்ச்சி, அப்புறம் நல்ல இனிப்பு.

"இனிக்கும், ஆனா ஒடம்புல சேராதும்மா. வந்த வழியே போயிடும்" என்று மகிழ்ச்சியாகச் சொன்னார். அந்தப் பொடியைப் போட்டு, பாலாடை டீயை ஒரு பிளாஸ்க் நிறைய நிரப்பிக்கொண்டு தினமும் வருவார். அதைக் குடிக்கும்போதுதான் அவர் கண்ணைத் திறந்துகொண்டு டீ குடித்து நான் பார்த்தேன்.

வாடிக்கையாளர்களுக்கு எங்கள் கடையில் காபி கொடுப்பது வழக்கம். மாகறலிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். வந்திருந்த பெரியம்மா ஒருத்தர், இவ்வளவு நேரம் தொண்டை வறளப் பேசுகிறாரே என்று தன் காபியை இவர் கையில் திணித்துவிட்டார். இவருக்கு உதடு வெளுத்துவிட்டது.

"விரதம்மா" என்றார்.

"இன்னைக்கி செவ்வாக்கெழம. முருகனுக்கா?"

"ஆமாம்மா."

அடுத்த நாள் இன்னொரு குடும்பம், இன்னொரு காபி. அன்றைக்கும் விரதம். கோயில் ஊரில் விரதம் என்றால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி காமாட்சிக்கு, சனி பெருமாளுக்கு என்று ஒரு நாள் பாக்கியில்லாமல் அவர் காபியிடமிருந்து தப்பித்தார். "அண்ணே, நேரா கைலாசத்துக்கே டிக்கெட்டு" என்று தணிகை கிண்டல் செய்வான். தணிகை என்பவன் எங்களோடு வேலை செய்த இன்னொரு சேல்ஸ்மேன்.

பிரசாதத்திடம் மட்டும் விரதம் செல்லாது. வெள்ளிக்கிழமை முதலாளி கோயிலிலிருந்து சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து ஆளுக்கு ஒரு கவளம் கையில் வைப்பார். அம்மன் பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? இவர் கண்ணில் ஒற்றிக்கொள்வார், வாய்க்குக் கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோவார், அப்புறம் ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஒரு வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அதை மறந்துவிட்டார். மத்தியானம் முகூர்த்தச் சேலை ஒன்றை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது அவர் பையிலிருந்து எறும்புகள் வரிசையாக இறங்கி வெள்ளை விரிப்பில் நடந்தன. பட்டுக்கடைக்காரனுக்கு எறும்பு என்றால் எமன். முதலாளி போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டது. இவர் திட்டு வாங்கிக்கொண்டே அந்தப் பொங்கலை வெளியே போய்க் காக்காய்க்கு வைத்துவிட்டு வந்தார்.

இதெல்லாம் சிரிக்கிற சங்கதிகள். சிரிக்க முடியாத ஒன்றும் இருந்தது. எங்கள் எல்லோரிடமும் அவர் ஒரு சத்தியம் வாங்கியிருந்தார். அவருடைய அண்ணன் ஒரு கல்யாண மண்டபத்தில் மயங்கி விழுந்தபோது யாரோ பதறிப்போய் ஒரு பாட்டில் கலர் சோடாவை உடைத்து வாயில் ஊற்றினார்களாம். அதற்கப்புறம்தான் விரல் புண் பெரிதாகிக் கால் போயிற்று என்பது இவருடைய தீர்மானம். டாக்டர் அப்படிச் சொன்னாரா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

"நான் எங்க வுழுந்தாலும் சரி, எப்பிடி வுழுந்தாலும் சரி, என் பிளாஸ்க்ல இருக்கறதைத் தவிர வேற எதையும் என் வாயில ஊத்தக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

தணிகை பண்ணினான். நானும் அவர் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ சத்தியம் பண்ணுகிறோம், அதில் இது ஒன்று என்று நினைத்தேன்.

அந்த ஆவணியில் அவர் கொஞ்சம் மாறிப்போயிருந்தார். ஏசி ஓடுகிற கடைக்குள் வியர்த்துக் கொட்டும். சேலையை மடிக்கிற கை நடுங்கும். சம்பந்தமில்லாமல் எரிந்து விழுவார், அப்புறம் ஒரு மணி நேரம் கழித்து வந்து "ஏதாச்சும் சொல்லிட்டனாம்மா?" என்று கேட்பார். நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எப்போதும் பயந்துகொண்டே இருக்கிற மனிதருக்கு வியர்த்தால், கை நடுங்கினால், யாருக்குத்தான் சந்தேகம் வரும்? யாரோ காபி நீட்டியிருப்பார்கள் என்று நினைத்தோம். அவர் சோற்றைச் சுத்தமாக விட்டும், சோறு தின்ற காலத்தில் எழுதிக்கொடுத்த மாத்திரையை அப்படியே விழுங்கிக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது.

முகூர்த்தக் கூட்டம் நெரிகிற ஒரு மத்தியானம். கூரத்திலிருந்து வந்த ஒரு பெண் வீட்டாருக்கு அவர் சேலை காட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்து மெத்தையில். மயில்கழுத்து நிறச் சேலையை விரித்துவிட்டு, "இது அரக்கும்மா, நல்ல அரக்கு" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அவர் நிறத்தை மாற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. முகமெல்லாம் வியர்வை. கண் எங்கேயோ பார்த்தது. "அரக்கு" என்று இன்னொரு தரம் குழறிச் சொல்லிவிட்டு, பக்கத்தில் அடுக்கியிருந்த சேலைகளின் மேல் மெதுவாகச் சாய்ந்தார்.

 தணிகை ஓடிவந்து அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"லோ சுகராத்தான் இருக்கும். எங்க மாமாவுக்கு இப்பிடித்தான் வரும். இனிப்பு குடு, சீக்கிரம் இனிப்பு குடு."

நான் பின்னறைக்கு ஓடி அவருடைய பிளாஸ்க்கை எடுத்துவந்தேன். சத்தியம் ஞாபகம் இருந்தது. மூடியில் டீயை ஊற்றி, இனிப்பு போதாதோ என்று அவருடைய டப்பாவிலிருந்து எரிபொடியை இன்னும் ரெண்டு ஸ்பூன் அள்ளிப்போட்டுக் கலக்கினேன். பாதிக்கண் திறந்திருந்தது, கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினார். பாதி கழுத்தில் வழிந்தது. இனிப்பு உள்ளே போய்விட்டது, இனி எழுந்துவிடுவார் என்று எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம்.

எழுந்திருக்கவில்லை. விழுங்குவதும் நின்றது. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு வந்தது. கால்கள் விரிப்பின் மேல் வெட்டி வெட்டி இழுத்தன. முதலாளி ஆம்புலன்சுக்குப் போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார். கூரத்துப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"இனிப்பு குடுத்தும் எழுந்துக்கலியே" என்றான் தணிகை.  "இன்னொரு மூடி ஊத்து."

நான் மறுபடி டப்பாவைத் திறந்தேன். மாதக்கணக்காகப் பின்னறை அலமாரியில் மூடி சரியாக மூடாமல் கிடக்கிற டப்பா. ஒரு எறும்புகூட அதை மொய்த்து நான் பார்த்ததில்லை. என் கை அப்படியே நின்றுவிட்டது. இனிக்கும், உடம்பில் சேராது. அவரே சொன்னதுதான். நாங்கள் இனிப்புதான் கொடுத்துக்கொண்டிருந்தோம், சர்க்கரை கொடுக்கவில்லை.

"இது சக்கரையே இல்ல தணிகை. நெஜ சக்கரை போடணும்."

"வாணாங்க்கா! சத்தியம் வாங்கினாரு இல்ல? ஹை சுகரா இருந்துட்டா? அவங்கண்ணனுக்கு ஆன மாதிரி ஆயிட்டா யாரு பதில் சொல்றது?"

எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. லோவா ஹையா என்று குத்திப் பார்க்கிற மெஷின் அவர் வீட்டில் இருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோன அந்தக் கால்தான். நான் போடுகிற சர்க்கரை இவரைக் கொன்றுவிடுமோ, கொல்லாவிட்டாலும் காலைக் கொண்டுபோய்விடுமோ என்று பயந்தேன். போடாவிட்டால் என் கண்முன்னாலேயே போய்விடுவார் என்றும் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். பின்னறைக்கு ஓடினேன். வாடிக்கையாளர் காபிக்கு வைத்திருந்த சர்க்கரை டப்பாவைத் தூக்கிவந்து, விரலைத் தண்ணீரில் நனைத்து, சர்க்கரையில் தோய்த்து, அவர் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் தேய்த்தேன். மறுபடி தோய்த்தேன், மறுபடி தேய்த்தேன். "காமாட்சி, காலை மட்டும் வுட்டுடு, காலை மட்டும் வுட்டுடு" என்று நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேனாம். தணிகை பிற்பாடு சொன்னான்.

முதலில் கால் வெட்டுவது நின்றது. அப்புறம் கண் அசைந்தது. ஆம்புலன்ஸ் சத்தம் தெருமுனையில் கேட்கும்போது அவர் நாக்கை லேசாகச் சப்புக்கொட்டினார். ஒரு தரம், ரெண்டு தரம். கண் முழுசாகத் திறந்தது. என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார்.

"சக்கரை" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் சட்டையைத் தூக்கி அதன் ஓரத்தால் நாக்கைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துத் துடைத்து அழுதார். உயிர் திரும்பி வந்த மனுஷன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லாவற்றையும் விளக்கினார். ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டதாம். "சாப்பாட்டை இவ்ளோ கொறைச்சா மாத்திரையையும் கொறைக்கணும். எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று அவரைக் கேட்டார்.

"சொன்னா திட்டுவீங்களோன்னு பயமா இருந்திச்சிங்க."

டாக்டர் திட்டவில்லை. மாத்திரையைக் குறைத்து எழுதினார். சட்டைப் பையில் எப்போதும் நாலு குளுக்கோஸ் வில்லை இருக்கட்டும், வியர்த்தால் ஒன்றை வாயில் போடுங்கள் என்றார். என்னைக் காட்டி, "இவங்க போட்டதால பொழைச்சீங்க" என்றும் சொன்னார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வித்தவுட் அண்ணன் தலையை ஆட்டினார். என் பக்கம் திரும்பவில்லை.

வேலைக்குத் திரும்பி வந்தபிறகும் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. நான் அந்தப் பக்கம் போனால் தன் பிளாஸ்க்கை நகர்த்தி வைத்துக்கொள்வார். தணிகையிடம், "நல்ல பொண்ணுதாம்பா அது. ஆனா என் வாயில சக்கரை போட்ட கை" என்று சொன்னாராம். கேட்டதும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நன்றி கெட்ட ஆள் என்று வீட்டில் போய்ப் புலம்பினேன்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் அவரே என்னைத் தேடிக்கொண்டு பின்னறைக்கு வந்தார். சர்க்கரைக்காரர்களுக்கென்றே மெத்துமெத்தென்று ஒரு செருப்பு விற்கிறார்கள், எம்.சி.ஆர் செருப்பு என்பார்கள். காலுக்குப் பாதுகாப்பு என்று புதிதாக அதை வாங்கிப் போட்டிருக்கிறார். அதன் வார் கடித்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்து வலது காலைத் தூக்கிக் காட்டினார். கட்டைவிரல் ஓரத்தில் ஒரு கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது.

"ஏம்மா, அன்னைக்கி நீ போட்டியே. அதுவா இருக்குமா?"

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. என்னைத் தவிர அதைக் கேட்க அவருக்கு வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

"சேச்சே, அது எப்பவோ கரைஞ்சி போயிருக்கும்ணே. செருப்பு கடிச்சதுதான்" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

அன்று சாயங்காலமே அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். தனியாகப் போகச் சொன்னால் போகமாட்டார் என்று எனக்குத் தெரியும். டாக்டரும் செருப்பு கடித்ததுதான் என்றார், கட்டுப் போட்டார், தினமும் சுத்தம் செய்யச் சொன்னார். டாக்டர் சொல்லியும் எனக்கு அடங்கவில்லை. தினமும் மத்தியானம் அவர் பின்னறையில் கட்டைப் பிரிப்பார், நான் குனிந்து பார்ப்பேன். ஒரு நாள் குறைந்த மாதிரி இருக்கும். மறுநாள் ஓரத்தில் ஈரம் கசியும். ஈரம் கசிகிற அன்றைக்கு எனக்கு வியாபாரம் ஓடாது. காமாட்சியம்மனுக்கு நெய்விளக்கு வேண்டிக்கொண்டேன். வீட்டில் பிள்ளைகளுக்குப் பாலில் போடச் சர்க்கரை டப்பாவைத் திறந்தால் விரல் நுனி கூசியது. "உசுரைக் காப்பாத்துனவ நீ, உனக்கு இன்னா பயம்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவருக்கு என்ன தெரியும்? அந்த வாய்க்குள் போன விரல் என்னுடையது. விரல் போய், பாதம் போய், முட்டி வரைக்கும் போகிற வழி எனக்கு மனப்பாடமாகத் தெரியும். பஸ்ஸில் யாராவது ஊன்றுகோலோடு ஏறினால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

தீபாவளி வியாபாரம் முடிந்து கடை காற்று வாங்கிய ஒரு மத்தியானம் அவர் கட்டைப் பிரித்தார். நான் குனிந்தேன். புண் காய்ந்து பக்கு உதிர்ந்திருந்தது. கீழே இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். அழுத்திப் பார்த்தேன். ஈரமில்லை. மறுபடியும் அழுத்தினேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது, அவர் பார்க்கக்கூடாது என்று தலையைத் தூக்காமலே இருந்தேன்.

"ரொம்ப பயந்துட்டியாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே. தூக்கமே இல்ல."

அவர் காலை மெதுவாகக் கீழே இறக்கி வைத்தார்.

"கொஞ்ச நாளுதானம்மா நீ இப்பிடி இருந்த. நான் எங்கண்ணன் காலைப் பொதைச்சிட்டு வந்த அன்னைலருந்து இப்பிடியேதான் இருக்கறேன்."

சொல்லிவிட்டு, கட்டுத்துணியை மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். முன்பக்கம் யாரோ சேலை பார்க்க வந்திருக்கிற சத்தம் கேட்டது. வேட்டியைச் சரி செய்துகொண்டு எழுந்து போனார். நான் அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.